டிகிண்டரில் ஓடும் கடிகாரம், தராசைப் படிக்கும்போது நின்றுவிடுகிறது

வடகடல்_கணக்கு:

வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விடியக்காலை வல்லங்கள் கரைக்கு வந்ததும் நீலக்கால் நண்டைக் கூடையோடு கொண்டுவந்து எடை போடுவார்கள். எடை போட்ட கையோடு சீட்டு கொடுக்க வேண்டும். வல்லத்தின் பெயர், ரகம், எடை, நேரம் நாலும் அதில் இருக்கும். இத்தனை காலம் நோட்டில் எழுதினோம். இப்போது பைத்தானில், டிகிண்டர் (ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய அதனோடு வரும் நூலகம்) வைத்து, அதற்கு ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் எங்களுக்கு அலங்காரம் இல்லை. எந்தக் கூடை முதலில் வந்ததோ அதுதான் முதலில் அவிக்கப் போகும். நண்டு செத்துக் கிடக்க ஆரம்பித்தால் சதை இளகித் தண்ணீராகிவிடும், உடைக்கிற பெண்களுக்குக் கையில் சதையே தங்காது. அதனால் 'எனக்கு முன்னால் அவனுக்கு எப்படிப் போட்டாய்' என்ற பேச்சு தினமும் உண்டு. திரையை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, மேலே பெரிதாக ஒரு கடிகாரத்தை ஓடவிட்டால் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு வைல் சுற்று போட்டு, உள்ளே நேரத்தை எழுதி, ஒரு நொடி ஸ்லீப் (சும்மா காத்திரு என்ற கட்டளை) கொடுத்தேன். ஜன்னல் வெள்ளையாக நின்றது. மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. பிறகு அதே சுற்றுக்குள் ரூட்.அப்டேட் என்று சேர்த்தேன். கடிகாரம் ஓடியது. ஆனால் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலை செய்கிறது.

பெரிய தொல்லை தராசுதான். சீரியல் கம்பி வழியாக, பைசீரியல் என்ற நூலகத்தின் ரீட்லைன் (ஒரு வரியை முழுதாகப் படிப்பது) வைத்து எடையைப் படிக்கிறேன். எடை ஆடாமல் நின்ற பிறகுதான் தராசு எண்ணை அனுப்பும். உயிருள்ள நண்டு கூடைக்குள் சும்மா இருக்குமா? அது அசைந்துகொண்டிருக்கும் வரை எடை நிற்காது, அதுவரை கடிகாரமும் நின்றுவிடுகிறது. நேற்று திரையில் 6:41:10 என்று நின்றிருந்தது, சீட்டில் 6:41:52 என்று அச்சாகி வந்தது. ஒருவர் இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயம்.

கடிகாரத்தை ஓடவைக்கச் சரியான வழி எது? புரிகிற மாதிரி சொல்லுங்கள், நான் கணினி படித்தவள் இல்லை. பி.காம்.


மண்டபம்_மாணவன்:

அக்கா, கடிகாரத்தைத் தனி த்ரெட்டில் (அதே நிரலுக்குள் பக்கத்தில் தனியாக ஓடுகிற இன்னொரு ஓட்டம்) போட்டுவிடுங்கள். அந்த வைல் சுற்று, ஸ்லீப் எல்லாம் அப்படியே இருக்கலாம். த்ரெட்டிங்.த்ரெட் என்று ஒன்று உருவாக்கி, டீமன் (நிரல் மூடினால் த்ரெட்டும் நின்றுவிடும் என்ற அமைப்பு) என்பதை ட்ரூ ஆக்கி, ஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஜன்னல் உறையாது.


கீழக்கரை_நிரல்:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கீழக்கரையில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். கடிகாரம் செய்யச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஸ்லீப்பில்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் தராசு வரைக்கும் வந்துவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி சொன்ன த்ரெட் வழி பலருக்கு ஓடும். ஆனால் டிகிண்டரில் லேபிள், பொத்தான் எல்லாவற்றையும் மெயின்லூப் ஓடுகிற அதே த்ரெட்டிலிருந்துதான் தொட வேண்டும். வேறு த்ரெட்டிலிருந்து லேபிளை மாற்றினால் ஒருநாள் ஓடும், இன்னொரு நாள் காரணம் தெரியாமல் தொங்கும். வாசலில் வல்லக்காரர்கள் நிற்கும்போது அது தொங்கக்கூடாது. ஒரு லேபிளில் நேரம் காட்ட த்ரெட் தேவையே இல்லை.

மெயின்லூப் என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் கொட்டகையில் எடை போட, சீட்டு எழுத, கேட்டவருக்குப் பதில் சொல்ல எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் என்றால், அவர் கண்ணயர்ந்தால் வரிசை மொத்தமும் நிற்கும். மெயின்லூப் அந்த ஒரே ஆள். மவுஸ் அழுத்தியதைக் கேட்பது, விசைப்பலகையைக் கேட்பது, ஜன்னலைத் திரும்ப வரைவது எல்லாம் அதன் வேலை. அதற்குள் ஸ்லீப் கொடுத்தால் அந்த ஒரு நொடி எதுவும் நடக்காது. அப்டேட் சேர்த்தபோது நொடிக்கு ஒருமுறை மட்டும் விழித்துப் பார்த்தது, அதனால்தான் பொத்தான் தாமதமானது.

வழி, ஆஃப்டர். 'இத்தனை மில்லி நொடி கழித்து இந்த வேலையைச் செய்' என்று மெயின்லூப்பிடம் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவது. நேரம்_காட்டு என்று ஒரு செயல்கூறு எழுதுங்கள் (பைத்தான் 3இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் ஆரம்பித்துவைக்கிறேன்). அதற்குள் வேலை மூன்றே: டேட்டைம்.நௌ கேட்டு இப்போதைய நேரத்தை வாங்குவது, லேபிளின் எழுத்தைக் கான்ஃபிக் மூலம் மாற்றுவது, கடைசி வரியில் ரூட்.ஆஃப்டர் வைத்துத் தன்னையே மறுபடி அழைக்கச் சொல்வது. ஆஃப்டர் ஒருமுறைதான் அழைக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வரி வேண்டும். மெயின்லூப்புக்கு முன்னால் நேரம்_காட்டு என்பதை ஒரே ஒருமுறை அழைத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. ஆஃப்டருக்குள் செயல்கூறின் பெயரை மட்டும் கொடுங்கள், பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் அது அப்போதே ஓடும். ஓடியது மறுபடி தன்னை அழைக்கும். கடைசியில் 'ரிகர்ஷன்' (தன்னையே முடிவில்லாமல் அழைத்தல்) என்று பிழை வந்து நிற்கும். லேபிளையும் வெளியே ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். செயல்கூறுக்குள் உருவாக்கினால் நொடிக்கு ஒன்றாகக் குவிந்துகொண்டே போகும்.

இனி நான் அதிகம் வலியுறுத்துவது. நொடியை நீங்களே எண்ணாதீர்கள். ஒரு மாறியில் நேரத்தை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டுகிற நிரலைப் பலர் எழுதுகிறார்கள். ஆஃப்டருக்கு 1000 மில்லி நொடி என்றால் 'குறைந்தது 1000' என்றுதான் அர்த்தம். உங்கள் செயல்கூறு ஓடுகிற நேரம், விண்டோஸ் காட்டுகிற தாமதம் எல்லாம் அதன்மேல் ஏறும். தடவைக்கு 15 மில்லி நொடி கூடுகிறது என்று வையுங்கள்: ஒரு மணி நேரத்தில் 54 நொடி பிந்திவிடும். ஒவ்வொரு முறையும் கணினியிடம் புதிதாகக் கேட்டால் இந்தப் பிழை சேராது. கணினி தூங்கி எழுந்தாலும் அடுத்த துடிப்பிலேயே சரியான நேரம் வந்துவிடும்.

அப்படிக் கேட்டாலும் சின்னதாக ஒன்று மிஞ்சும். அதே 15 மில்லி நொடி கணக்கில், நிமிஷத்துக்குச் சற்று மேலே ஆனதும் 07க்கு அடுத்து 09 என்று ஒரு தாவல் தெரியும். திரையை வெளியே திருப்பி வைத்திருக்கிறீர்கள், பார்க்கிறவர் கண்ணில் அது படும். அதனால் 1000 என்று நிலையாகக் கொடுக்காமல், நௌ தந்த நேரத்தில் மைக்ரோசெகண்டை எடுத்து 1000ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் வைத்து, அதை 1000இலிருந்து கழித்துக் கொடுங்கள். அடுத்த நொடி பிறக்க எவ்வளவு மிச்சமோ அவ்வளவு மட்டும் காத்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தானே நேராகிக்கொள்ளும்.

எழுத்துருவுக்கு கன்சோலாஸ் மாதிரி எல்லா எண்ணும் ஒரே அகலம் உள்ளதை எடுங்கள். இல்லாவிட்டால் 1 வரும்போதெல்லாம் வரி இடவலமாக ஆடும். காலை, மாலை என்று தமிழில் வேண்டுமென்றால் மணியைப் பார்த்து இஃப் போட்டு நீங்களே எழுதிவிடுங்கள், அதுதான் சுலபம்.

தராசுக்கு வருகிறேன். ரீட்லைனுக்கு டைம்அவுட் (எவ்வளவு நேரம் வரை காத்திருக்கலாம் என்ற வரம்பு) கொடுக்காவிட்டால் வரி முடியும் வரை காத்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப் செய்த அதே கேட்டைத்தான் இதுவும் செய்கிறது. முதலில் கடிகாரத்தை மாற்றிவிட்டு, தராசு எந்த முறையில் அனுப்புகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலே இருப்பதை எங்கே செய்தாலும் யோசனை ஒன்றுதான்: க்யூடியில் க்யூடைமர், சி ஷார்ப் விண்டோஸ் ஃபார்ம்ஸில் டைமர்.


வடகடல்_கணக்கு:

அண்ணே, நீங்கள் சொன்னபடி மாற்றினேன். கடிகாரம் அழகாக ஓடுகிறது, பொத்தானும் உடனே கேட்கிறது. வாடைக்காற்று நாளில் வல்லம் குறைவாக வந்தது, நிதானமாகச் சோதிக்க முடிந்தது.

தராசின் அமைப்பில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்று எடை நின்ற பிறகு அனுப்புவது, இன்னொன்று விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பது. முதல் முறையில் டைம்அவுட் ஒரு நொடி கொடுத்துப் பார்த்தேன். கடிகாரம் நிற்கவில்லை, ஆனால் விட்டு விட்டு ஓடுகிறது. அப்புறம் விடாமல் அனுப்பும் முறைக்கு மாற்றி, நொடிக்கு ஒருமுறை ஒரு வரி படிக்க வைத்தேன். கடிகாரம் சரி. ஆனால் கூடையை இறக்கிவிட்ட பிறகும் திரையில் பழைய எடையே வெகுநேரம் நிற்கிறது. அடுத்த கூடை ஏறியும் முந்தின கூடையின் எடையைக் காட்டுகிறது. எடையில் இப்படி நடந்தால் நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. இது ஏன்?


கீழக்கரை_நிரல்:

எடையில் அப்படி ஒரு சந்தேகம் இருக்கவே கூடாது, சரியாகப் பிடித்தீர்கள். காரணம் தேக்கம். தராசு நொடிக்குப் பத்து வரி அனுப்புகிறது, நீங்கள் ஒரு வரி படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஒன்பது உள்ளே வரிசையில் நிற்கும். அடுத்த முறை நீங்கள் படிப்பது இப்போதைய எடை இல்லை, வரிசையின் தலையில் நிற்கும் பழைய எடை. நேரம் போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

விடாமல் அனுப்பும் முறையிலேயே இருக்கட்டும். ரீட்லைனை விட்டுவிடுங்கள். தராசு_பார் என்று தனியாக ஒரு செயல்கூறு, 100 மில்லி நொடிக்கு ஒருமுறை ஆஃப்டரில் ஓடட்டும். அதற்குள் இன்_வெயிட்டிங் என்று கேட்டால் எத்தனை பைட் வந்து காத்திருக்கிறது என்று சொல்லும். அத்தனையையும் ஒரே ரீடில் வாங்கிவிடுங்கள், வந்தது பூஜ்யம் என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். இப்படிப் படித்தால் காத்திருப்பு என்பதே கிடையாது.

வாங்கியதில் கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கலாம். 12.480 என்று வர வேண்டியது 12.4 வரைக்கும் வந்திருக்கலாம். அதை எடை என்று எடுத்தால் 80 கிராம் போய்விடும். அதனால் வந்ததையெல்லாம் ஒரு மாறியில் ஒட்டிக்கொண்டே போங்கள். வரி முடிவுக் குறியைப் பார்த்துப் பிரியுங்கள். முழுதாக முடிந்த வரிகளில் கடைசியானதை மட்டும் எடையாக எடுங்கள், அதற்கு முந்தியவற்றை விட்டுவிடுங்கள், முடியாமல் நிற்கும் துண்டை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய எடை தேங்காது, அரை எண்ணும் வராது.

எடை நின்றுவிட்டதா என்பதை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். சில தராசுகள் வரியின் தொடக்கத்திலேயே ஒரு குறியாக அனுப்பும், கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் கடைசி ஐந்தாறு எடைகளை ஒரு பட்டியலில் வைத்து, அவற்றில் கூடினதுக்கும் குறைந்ததுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்ன வரம்புக்குள் இருந்தால் 'நின்றது' என்று பச்சையில் காட்டுங்கள். அதுவரை சீட்டுப் பொத்தான் அழுந்தாமல் இருக்கட்டும். வரம்பு எவ்வளவு என்பதை முதலாளியும் வல்லக்காரர்களும் சேர்ந்து ஒத்துக்கொள்ளட்டும். அதை நிரல் எழுதுகிறவர் தனியாக முடிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து.

கடிகாரத்தையும் தராசையும் ஒரே செயல்கூறில் போடாதீர்கள், இது ரொம்ப அவசியம். யூஎஸ்பி கம்பி கழன்றால் பைசீரியல் பிழை எழுப்பும். பிழை வந்தால் செயல்கூறு அந்த இடத்திலேயே முறிந்து, கடைசி வரியில் இருக்கிற ஆஃப்டர் ஓடாமல் போகும். பிறகு கம்பியை மாட்டினாலும் எதுவும் துடிக்காது. தனித்தனியாக இருந்தால் தராசு போனாலும் கடிகாரம் ஓடும். தராசு_பார் உள்ளே ட்ரை போட்டு, ஆஃப்டர் வரியை ஃபைனலிக்குள் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடுகிற பகுதி) வையுங்கள். பிழை வந்தால் எடை இருக்கும் இடத்தில் பழைய எண்ணை விட்டுவைக்காமல் கோடு மட்டும் காட்டுங்கள். போர்ட்டை (தராசின் கம்பி கணினியில் சேரும் இணைப்பு) மறுபடி திறக்கும் முயற்சியும் அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் சீட்டு நேரம். திரையில் ஓடுகிற எழுத்திலிருந்து நேரத்தை எடுக்காதீர்கள், அச்சிடும் இடத்தில் தனியாகவும் கேட்காதீர்கள். பொத்தான் அழுந்திய அந்தக் கணத்தில் நௌ ஒருமுறை கேட்டு, ஒரு மாறியில் வைத்து, அதையே பதிவுக்கும் சீட்டுக்கும் கொடுங்கள். பிரிண்டர் பேப்பர் சிக்கி அரை நிமிஷம் கழித்து அச்சடித்தாலும் சீட்டில் எடை போட்ட நேரம்தான் இருக்கும். அச்சுதான் இங்கே த்ரெட்டுக்குப் போக வேண்டிய வேலை: மண்டபம் தம்பி சொன்ன த்ரெட்டை அதற்கு வையுங்கள், சீட்டு விவரத்தை ஒரு க்யூவில் (வரிசையில்) போட்டு அனுப்புங்கள், அந்த த்ரெட் ஜன்னலைத் தொடாமல் அச்சை மட்டும் பார்க்கட்டும்.


ராம்நாடு_சர்வீஸ்:

நிரல் பக்கம் அவர் எல்லாம் சொல்லிவிட்டார். நான் கணினி பழுது பார்க்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது கணினியிடம்தான் நேரம் கேட்கிறது. கடற்கரைக் கொட்டகைகளில் இருந்து எனக்கு வரும் பழைய கணினிகளில் அடிக்கடி பார்ப்பது மதர்போர்டு பேட்டரி. சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. அது தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். உப்புக்காற்றில் அதன் கவ்வியும் பூத்துவிடும், புது பேட்டரி போட்டும் நேரம் நிற்காது. மாற்றும்போது அந்தத் தகட்டைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸில் நேரமும் மொழியும் என்ற அமைப்பில் தானாக நேரம் அமைப்பதை இயக்கி வையுங்கள். இணையம் வந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், விரும்பினால் விண்டோஸுக்கு அவர்களுடைய நேர சேவையகத்தையும் கொடுக்கலாம். நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வல்லக்காரர்கள் கைபேசியைப் பார்த்துத்தான் ஒப்பிடுவார்கள். கைபேசி கோபுரத்திலிருந்து நேரம் எடுக்கும். வடகடலில் கொஞ்சம் உள்ளே போனாலே இலங்கைக் கோபுரம் பிடிக்கிறது, அதனால் நேரம் மாறுமோ என்று சிலர் கேட்பதுண்டு. மாறாது. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளியது, 2006 ஏப்ரலில் திரும்ப 5:30க்கே வந்துவிட்டது. எந்தக் கோபுரம் என்றாலும் ஒரே நேரம்தான்.

நிரலிலும் ஒரு காவல் வையுங்கள்: தொடங்கும்போது கணினியின் தேதி கடைசியாகப் பதிவான சீட்டின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் 'நேரத்தைச் சரிபார்க்கவும்' என்று சிவப்பில் காட்டி, சீட்டுப் போட விடக்கூடாது.


வடகடல்_கணக்கு:

மூவருக்கும் ரொம்ப நன்றி. பேட்டரி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் கணினியில் கரண்ட் போய் வந்ததும் தேதி மாறுவது உண்மைதான், இந்த வாரம் மாற்றச் சொல்லிவிட்டேன். அந்தச் சிவப்பு எச்சரிக்கையும் சேர்த்துவிட்டேன்.

தராசு இப்போது அண்ணன் சொன்னபடிதான் ஓடுகிறது. இன்று காலை கம்பியை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தேன். எடை இருந்த இடத்தில் கோடு வந்தது, மேலே நொடி ஒன்றுகூடத் தாவாமல் ஓடியது. திரும்ப மாட்டினதும் எடை தானாக வந்தது. வல்லக்காரர்களிடம் வரம்பைப் பற்றிப் பேசினோம். 'ஆடுகிற எண்ணை நாங்களும் பார்க்க வேண்டும், மறைக்காதே' என்றார்கள். அதனால் நிற்காத எடையைச் சாம்பல் நிறத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறேன், நின்றதும் பச்சை.

ஒன்று மட்டும் மிச்சம். ஜன்னலை மூடும்போது கறுப்புத் திரையில் 'இன்வாலிட் கமாண்ட் நேம்' என்று ஒரு வரி வருகிறது. வேலைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.


மண்டபம்_மாணவன்:

அக்கா, இது எனக்குத் தெரியும். ஜன்னல் போன பிறகும் அடுத்த ஆஃப்டர் வரிசையில் நிற்கிறது. அதன் நேரம் வந்ததும் இல்லாத செயல்கூறைத் தேடுகிறது, அதனால் அந்த வரி. ஆஃப்டர் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளத்தைத் திருப்பித் தரும், அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்துக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று. ரூட்.ப்ரோட்டோகாலில் டபிள்யூஎம்_டிலீட்_விண்டோ என்பதற்கு மூடு என்று ஒரு செயல்கூறை இணையுங்கள். அதில் முதலில் இரண்டுக்கும் ஆஃப்டர்_கேன்சல், அடுத்து சீரியல் போர்ட்டை க்ளோஸ், கடைசியில் ரூட்.டெஸ்ட்ராய். இந்த வரிசையிலேயே இருக்கட்டும். போர்ட்டை மூடாமல் விட்டால் அடுத்து திறக்கும்போது 'அனுமதி இல்லை' என்று வரக்கூடும்.

அண்ணே, அச்சு த்ரெட்டை மூடும்போது எப்படி நிறுத்துவது? க்யூவில் ஒரு நன் ('எதுவும் இல்லை' என்ற மதிப்பு) போட்டு, அது வந்ததும் சுற்றை விட்டு வெளியே வருகிற மாதிரி வைத்தால் சரியா?


கீழக்கரை_நிரல்:

சரி தம்பி, அப்படியே செய்யலாம். நன் போட்ட பிறகு ஜாய் (த்ரெட் முடியும் வரை காத்திரு என்ற கட்டளை) கொடுத்து இரண்டு மூன்று நொடி வரை மட்டும் காத்திருக்கச் சொல்லுங்கள், பாதியில் நிற்கிற சீட்டு அச்சாகி முடிந்துவிடும். அந்த ஜாயை டெஸ்ட்ராய்க்கு முன்னால் வையுங்கள். த்ரெட்டை டீமனாகவே விடுங்கள், பிரிண்டர் பதிலே சொல்லாவிட்டாலும் நிரல் மூடிவிடும். அச்சாகாமல் போன சீட்டு பதிவில் இருக்கும், மறுநாள் அதைத் தேடி எடுத்து அச்சடிக்க ஒரு பொத்தான் வைத்துவிட்டால் போதும்.